அப்பாவுக்கு அக்கரையில் வேலை; பிள்ளைக்கு எங்கே பள்ளி?

ஜார்ஜ்டவுன் கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் பிரான்சிஸ் லைட்டின் வெண்கலச் சிலையைப் பார்க்காத பினாங்குக்காரர் இருக்க முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1786-ல் இந்தத் தீவில் கொடியேற்றியவர் அவர். அதன் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1936-ல் சிலை எழுந்தது. லைட்டின் உருவப்படம் கிடைக்காததால், அவருடைய மகன் வில்லியமின் சாயலை வைத்து முகத்தை வடித்தார்கள். அப்பா என்று நாம் நிமிர்ந்து பார்ப்பது உண்மையில் மகனின் முகத்தை.

அந்த மகனைப் பற்றி இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. தீவில் கொடி ஏறிய அதே 1786-ல் கெடாவில் பிறந்தவன். ஆறு வயது வாக்கில் கப்பலேற்றி, இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் தியபர்ட்டன் என்ற ஊரிலிருந்த ஒரு குடும்ப நண்பரிடம் படிக்க அனுப்பிவிட்டார்கள். 1794-ல் லைட் பினாங்கிலேயே இறந்துபோனார். பிள்ளை அப்பாவை மறுபடி பார்க்கவே இல்லை. வளர்ந்து படையில் சேர்ந்து, 1836-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்துக்கு இடம் தேர்ந்தவர் இந்த வில்லியம் லைட்தான். அப்பா ஒரு நகரம் கண்டார், மகன் ஒரு நகரம் கண்டார் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆறு வயதில் தனியாகக் கடல் கடந்த பிள்ளை என்ன பட்டிருக்கும் என்பதை நான் முதலில் நினைத்துக்கொள்கிறேன்.

அரசாங்கம் ஒருவரைக் கடல் தாண்டி வேலைக்கு அனுப்புகிறது. அவர் பிள்ளையின் படிப்புக்கும், அது தங்கும் விடுதிக்கும், விடுமுறையில் பெற்றோரிடம் வந்துபோகும் பயணத்துக்கும் யார் பணம் கட்டுவது? இன்று பல நாடுகள் இதற்கென்று தனிப்படி கொடுக்கின்றன. உறைவிடப் பள்ளிக் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசே ஏற்கும் நாடுகளும் உண்டு. ஆனால் இந்தப் படி யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்தால், பினாங்கும் அதைச் சுற்றியுள்ள மலாயாவும் நல்ல சாட்சி. அந்தச் சாட்சியத்தில் நம் தமிழ்க் குடும்பங்களின் பங்கு பெரியது. இந்தப் பேச்சு வரும் இடங்களில் அது மட்டும் விடுபட்டுப்போகிறது.

யாழ்ப்பாணத்துக் கிராணிகள்

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மலாயாவில் ரயில், தபால், பொதுப்பணி, நில அளவை, கருவூலம் என்று அரசாங்க இலாகாக்கள் பெருகின. நாட்டின் முதல் ரயில் பாதை 1885-ல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறந்தது. அதைப் போட இலங்கையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். பாதை நீள நீள, ஆங்கிலத்தில் கணக்கெழுதவும் தந்தியடிக்கவும் ஆள் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்திலோ அமெரிக்க மிஷனும் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், கத்தோலிக்க சபைகளும் நடத்திய பள்ளிகள் ஆங்கிலம் படித்த இளைஞர்களை ஆண்டுதோறும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. ஊரில் அத்தனை பேருக்கும் உத்தியோகம் கிடையாது. கப்பலேறினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர், தலைமைக் கிராணி, ஓவர்சியர், நில அளவையாளர், ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் என்று இலாகாக்களை நிரப்பினார்கள். தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்குப் பால்மரம் சீவ வந்தவர்களின் கதை வேறு. இவர்கள் அரசாங்கச் சம்பளக்காரர்கள். குவாட்டர்ஸ் உண்டு, பென்சன் உண்டு, மாற்றலும் உண்டு.

அந்த மாற்றல்தான் பிள்ளைகளின் படிப்பில் கைவைத்தது. பிறையில் வேலை பார்த்தவரை அடுத்த ஆண்டு பகாங்கின் ஏதோ ஒரு சிறிய ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போடுவார்கள். பினாங்கிலோ ஈப்போவிலோ இருந்தால் நல்ல ஆங்கிலப் பள்ளி கிடைக்கும். பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் 1816-லேயே தொடங்கியது; லைட் ஸ்திரீட் கான்வென்ட்டும் செயின்ட் சேவியர் பள்ளியும் 1852-ல் தொடங்கின. காட்டுக்கு நடுவே சிக்னல் கம்பமும் நான்கு குவாட்டர்ஸும் இருக்கும் ஊரில் எந்தப் பள்ளி? கூடவே மற்றக் கவலைகளும் இருந்தன. பிள்ளை தமிழ் படிக்கவேண்டும், தேவாரம் சொல்லவேண்டும், பெண் பிள்ளைக்கு ஊரிலேயே சம்பந்தம் பார்க்கவேண்டும். ஆகவே பலர் பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக்கே அனுப்பினார்கள். சிலர் மனைவியையும் சேர்த்து அனுப்பிவிட்டுக் குவாட்டர்ஸில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

அங்கே போடிங் வசதிக்குப் பஞ்சமில்லை. 1824-ல் அமெரிக்க மிஷன் தொடங்கிய உடுவில் மகளிர் பள்ளி, ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் உறைவிடப் பள்ளிகளில் ஒன்று. வட்டுக்கோட்டை செமினரி 1823-ல் எழுந்து மூடப்பட்டு, 1872-ல் யாழ்ப்பாணக் கல்லூரியாக மறுபடி எழுந்தது. மிஷன் விடுதியில் பிள்ளையை விட மனமில்லாத சைவக் குடும்பங்களுக்கு 1890-ல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வந்தது. பெண்களுக்காகச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913-ல் மருதனார்மடத்தில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். விடுதிக் கட்டணம், பள்ளிக் கட்டணம், துணிமணி எல்லாம் மலாயாவிலிருந்து மாதாமாதம் மணியோடரில் போனது. குறுகிய விடுமுறை வந்தால் பிள்ளைக்கு அம்மம்மா வீடு. பெரிய விடுமுறைக்கும் பெரும்பாலும் அதே வீடுதான். பினாங்குக்கு வந்து அப்பாவைப் பார்க்கக் கப்பல் கட்டணம் யார் கொடுப்பது?

இலங்கைத் தமிழ் அரசியலின் பெரிய பெயரான சா. ஜே. வே. செல்வநாயகம் 1898-ல் ஈப்போவில் பிறந்தவர். நான்கு வயதளவில் படிப்பை முன்னிட்டுத் தாயுடன் தெல்லிப்பழைக்குப் போனார். அப்பா மலாயாவில் உழைத்தார். செல்வநாயகத்துக்குப் பின்னால் பெயர் தெரியாத பல குடும்பங்கள் அதே வழியில் போயின. யாழ்ப்பாணத்தில் ‘மலாயன் பென்சனியர்’ என்றால் ஊருக்கே தெரியும்: இளமையெல்லாம் மலாயாவில் கழித்து, வயதான பின் பென்சனோடு ஊர் திரும்பி, கல்வீடு கட்டி உட்கார்ந்தவர். அவருடைய பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள், டாக்டரும் வக்கீலும் ஆனார்கள். யாழ்ப்பாணப் பள்ளிகள் பலவற்றின் கட்டடங்களில் மலாயாப் பணம் இருக்கிறது. கல்விக்கு அந்தத் தலைமுறை கொடுத்த மதிப்பை நினைத்து நான் பெருமைப்படுகிறேன். ஆனால் அப்பாவோடு வாழவேண்டிய வயதில் பிள்ளைகள் அவரை மணியோடர் ரசீதிலும் கடிதத்திலும் மட்டுமே கண்டார்கள் என்பதும் அந்தப் பெருமையோடு சேர்ந்தே வருகிறது.

யாழ்ப்பாணத்துக் கிராணிகளின் மேலதிகாரிகளும் பிள்ளைகளைப் பிரிந்தவர்கள்தான். ஆறேழு வயதானால் இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவது ஐரோப்பிய அதிகாரிகளின் வழக்கம். வெப்பம் பிள்ளையின் உடம்பைக் கெடுத்துவிடும் என்று அன்றைய மருத்துவர்களும் நம்பினார்கள். ஆனால் அந்த அதிகாரிக்குச் சம்பளம் பெரிது. முழுக் குடும்பமும் சொந்த நாடு போய்வர நீண்ட விடுப்பு இருந்தது. மலாயா சிவில் சர்வீஸின் வாசலோ 1904-லிருந்து பெற்றோர் இருவரும் தூய ஐரோப்பிய வம்சத்தவராக இருப்பவர்களுக்கே திறந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் எத்தனை திறமைசாலியானாலும் கீழ்நிலைப் பணியில்தான் நிற்கவேண்டும். ஒரே அலுவலகம், ஒரே பிரிவுத் துயரம், இரண்டு விதமான ஏற்பாடு.

அதன் கடைசி விலையை 1941 டிசம்பரில் பார்த்தோம். ஜப்பானியர் பினாங்கைக் குண்டுவீசித் தாக்கியபோது, ஐரோப்பியர்களை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். ஆசிய ஊழியர்கள் விட்டுச்செல்லப்பட்டார்கள். அதன்பின் மூன்றரை ஆண்டுக்கு மேலாக மலாயாவுக்கும் இலங்கைக்கும் இடையே தபால் இல்லை, மணியோடர் இல்லை. யாழ்ப்பாணத்துப் போடிங்கில் படித்துக்கொண்டிருந்த மலாயாப் பிள்ளைகளுக்கு அப்பா உயிரோடிருக்கிறாரா என்பதே தெரியாது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் பினாங்குக்குத் திரும்பிய பிறகுதான் கடிதங்கள் மறுபடி போய்வர வழி பிறந்தது.

போர் முடிந்ததும் வேறொரு சுவர் எழும்பியது. இலங்கை 1948-ல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. மலாயாவில் 1953-ல் குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்து, 1959-ல் இன்னும் இறுகியது. குடும்பத்தை வெளிநாட்டில் விட்டுவைத்திருந்தவர்கள் மனைவி மக்களை அழைத்துக்கொள்வது கடினமாயிற்று. படிப்புக்காகத் தற்காலிகமாகப் பிரிந்த வீடுகளில் சில நிரந்தரமாகவே இரண்டு நாடுகளாகப் பிரிந்தன.

கொடிமலையில் ஒரு பள்ளி

இதே காலத்தில் பினாங்கில் வேறொரு திசையிலிருந்து ஒரு விடை வந்தது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் 1948-ல் அவசரகாலம் பிரகடனமானது. தோட்டத்துத் துரைமார்கள் மீது தாக்குதல் நடந்தது. 1951 அக்டோபர் 6-ல் ஹைகமிஷனர் ஹென்றி கர்னியே ஃப்ரேசர் மலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நம் கர்னி டிரைவ் அவர் பெயரில் இருப்பதுதான். தோட்டத்து பங்களாவில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளப் பெற்றோர் அஞ்சினார்கள். இங்கிலாந்துக்கு அனுப்பவும் மனமில்லை.

1919-ல் தொடங்கிய தோட்ட மேலாளர்களின் சங்கமான இன்கார்ப்பரேட்டட் சொசைட்டி ஆஃப் பிளான்டர்ஸ் ஒரு முடிவெடுத்தது. 1955-ல் பினாங்குக் கொடிமலையில், கிராக் ஹோட்டல் கட்டடத்தில், அப்லாண்ட்ஸ் என்ற ஆரம்ப உறைவிடப் பள்ளி திறந்தது. E&O ஹோட்டல் புகழ் சார்க்கீஸ் சகோதரர்கள் ஒரு காலத்தில் நடத்திய விடுதி அது. 1923-லிருந்து ஓடும் மலை ரயில் இருந்ததால் குளிரும் கிடைத்தது, பாதுகாப்பும் கிடைத்தது. பிள்ளை மலையில், பெற்றோர் கெடாவிலோ பேராக்கிலோ. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கவேண்டிய பிள்ளை ஒரு நாள் பயணத்தில் வந்து பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தது. இதை நான் சாதாரணக் காரியமாக நினைக்கவில்லை. பிள்ளையைப் பள்ளியிருக்கும் நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு வர்க்கம், பள்ளியைப் பிள்ளையிருக்கும் நாட்டுக்குக் கொண்டுவந்தது. உயிர்ப் பயம் வந்த பிறகுதான் அந்த யோசனையும் வந்தது என்பது வேறு விஷயம்.

அப்லாண்ட்ஸ் 1970களில் மலையிறங்கி, கெலாவாய் சாலையில் கிறிஸ்தவ சகோதரர்களின் செயின்ட் ஜோசப் பயிற்சி இல்லத்துக்கு வந்தது. இன்று கர்னி பாராகன் அங்காடியில் உணவகங்கள் நடக்கும் அழகான பழைய கட்டடம் அதுதான். 2006-ல் பத்து பெரிங்கிக்கு மாறியது. இப்போது அது பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் சர்வதேசப் பள்ளி.

இராணுவம் தன் பிள்ளைகளுக்குத் தனி வழி செய்தது. கேமரன் மலையில் 1951-லிருந்து 1964 வரை நடந்த ஸ்லிம் பள்ளி, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வேலைசெய்த பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகளுக்கான இடைநிலை உறைவிடப் பள்ளி. அவசரகாலத்தில் தாப்பாவிலிருந்து மலைப்பாதையில் ஆயுதக் காவலோடு வாகன வரிசையாகப் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். பட்டர்வொர்த் விமானத் தளத்துக்கு வந்த ஆஸ்திரேலியர்களோ 1958-ல் பினாங்கிலேயே தங்கள் விமானப்படைப் பள்ளியைத் திறந்துவிட்டார்கள். 1988-ல் தளத்தை மலேசியாவிடம் ஒப்படைக்கும்வரை முப்பது ஆண்டுகள் அது நடந்தது. அந்தப் பிள்ளைகள் தீவின் வீடுகளில் பெற்றோரோடு வாழ்ந்து, காலையில் பஸ் ஏறிப் பள்ளிக்குப் போனார்கள். பினாங்கை இன்றும் பாசத்தோடு நினைத்து இங்கே வந்துபோகும் ஆஸ்திரேலிய முதியவர்களில் அவர்களும் இருக்கிறார்கள்.

தஞ்சோங் பூங்காவில் கடலையொட்டி இருக்கும் டாலாட் பள்ளியின் கதை இன்னும் நீண்டது. வியட்நாமின் டாலாட் மலை நகரில் 1929-ல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கி, போர் முற்றியதும் 1965-ல் அங்கிருந்து வெளியேறி, பாங்காக், கேமரன் மலை என்று அலைந்து 1971-ல் பினாங்கில் நிலைத்தது. அது வந்து சேர்ந்த இடம் பிரிட்டிஷ் படையினரின் ஓய்வு விடுதியான சாண்டிகிராஃப்ட். நம் தமிழ்நாட்டிலும் இதே வரலாறு உண்டு. ஊட்டிக்குப் பக்கத்து லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளி 1858-ல் பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. 1901-ல் கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி வந்தது. மலைமேல் எங்கே பழைய பள்ளி இருந்தாலும், அடிவாரத்தில் பிள்ளையைப் பிரிந்த ஒரு பெற்றோர் கூட்டம் இருந்திருக்கிறது.

படி வந்த பிறகு

பள்ளி நடத்துவதைவிடப் பணமாகக் கொடுத்துவிடுவது எளிது என்று அரசுகள் மெல்ல மெல்லக் கண்டுகொண்டன. விமானப் பயணமும் அதற்கு உதவியது. 1950களிலும் 60களிலும் பள்ளி விடுமுறை தொடங்கினால் லண்டனிலிருந்து கீழைநாடுகளுக்குப் பறந்த விமானங்கள் பிள்ளைகளால் நிரம்பின. பிரிட்டிஷ் விமான நிறுவனம் பி.ஓ.ஏ.சி. 1957-ல் அவர்களுக்கென்றே ‘ஜூனியர் ஜெட் கிளப்’ தொடங்கி, பறந்த மைல்களைக் குறித்துவைக்க ஆளுக்கொரு பதிவேடும் கொடுத்தது. விமானி அதில் கையெழுத்துப் போடுவார்.

பிரிட்டிஷ் படையினருக்கு இன்று கிடைப்பது ‘கல்வித் தொடர்ச்சிப் படி’. ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு உறைவிடப் பள்ளிக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை அரசு தரும். குறைந்தது 10 விழுக்காட்டைப் பெற்றோர் கட்டவேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை ஊர் மாறும் குடும்பத்தின் பிள்ளை ஒரே பள்ளியில் தொடர்ந்து படிக்கட்டும் என்பது காரணம். கணவனோ மனைவியோ பணியாளரோடு கூடவே ஊர் மாறவேண்டும் என்பது நிபந்தனை. தூதரக அதிகாரிகளுக்கும் இதையொத்த ஏற்பாடு உண்டு. 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி போட்டபோது, படையினரின் படியையும் அதற்கேற்ப உயர்த்துவதாகப் பிரிட்டிஷ் அரசு சொன்னது. பெற்றோருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் ஒரு குறை பல காலமாகச் சொல்லப்படுகிறது: பயனடைவோரில் பெரும்பாலோர் அதிகாரிகள். சாதாரணச் சிப்பாய்க்கு அந்த மிச்சம் 10 விழுக்காடே எட்டாத தொகை. எழுத்தில் எல்லாருக்கும் பொதுவான உரிமை, நடப்பில் மேல்தட்டுக்குப் போய்ச் சேருகிறது.

அமெரிக்கா வேறு மாதிரி யோசிக்கிறது. வெளிநாட்டில் பணியாற்றும் அரசு ஊழியரின் பிள்ளைக்கு, பாலர் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை, பணியிடத்திலேயே தகுந்த பள்ளி இருந்தால் அதன் கட்டணத்தை அரசு தரும். அமெரிக்க அரசுப் பள்ளியின் தரத்துக்கு ஈடான பள்ளி அந்த ஊரில் இல்லையென்றால், வெளியூர்ப் பள்ளி, விடுதி, பயணம் மூன்றுக்கும் சேர்த்து வேறொரு விகிதத்தில் தரும். அங்கே விதியின் முதல் வரி பெற்றோர் இருக்கும் ஊர். விடுதி அடுத்த வரி. எனக்கு இந்த வரிசை பிடித்திருக்கிறது.

இந்தியாவின் ஏற்பாட்டில் ஒரு நல்ல அம்சம் உண்டு. மத்திய அரசு ஊழியரின் பிள்ளை வீட்டிலிருந்து குறைந்தது 50 கிலோமீட்டர் தள்ளியுள்ள உறைவிடப் பள்ளியில் படித்தால், 2017 ஜூலை முதல் மாதம் 6,750 ரூபாய் விடுதி மானியம் கிடைத்தது. 2024 ஜனவரியிலிருந்து அது 8,437 ரூபாய் 50 காசு. இரண்டு பிள்ளைகள் வரை, 12ஆம் வகுப்பு வரை. கடைநிலை ஊழியருக்கும் துறைச் செயலாளருக்கும் தொகை ஒன்றுதான். ஆண்டுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் வருகிறது. ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துப் பெரிய பள்ளிகளின் கட்டணத்துக்கு அது போதவே போதாது. இருந்தாலும் கோட்பாடு சரியானது: படி பிள்ளைக்குரியது, அப்பாவின் நாற்காலிக்குரியதல்ல. வெளியுறவுத் துறையினருக்குத் தனி விதிகள் 1961-லிருந்து இருக்கின்றன. தாய்நாட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளை விடுமுறைக்குப் பெற்றோரிடம் போய்வரும் விமானச் செலவும் அதில் சேர்த்தி. நூறாண்டுக்கு முன் யாழ்ப்பாணத்துக் கிராணிக்கு இது இருந்திருந்தால், எத்தனையோ பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்கும்.

எந்த வயதில் அனுப்புவது

பணம் கிடைக்கிறது என்பதற்காகச் சின்னப் பிள்ளையை விடுதியில் விடலாமா என்பது இந்த விஷயத்தின் நெஞ்சுப்பகுதி. பிரிட்டிஷ் மனநல சிகிச்சையாளர் ஜாய் ஷாவேரியன், சிறுவயதிலேயே உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டுப் பெரியவர்களானவர்களிடம் திரும்பத் திரும்பக் கண்ட சில பாதிப்புகளைத் தொகுத்து 2011-ல் ‘உறைவிடப் பள்ளி நோய்க்குறி’ என்று பெயரிட்டார். 2015-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அழுகையை அடக்கப் பழகிய பிள்ளை வளர்ந்த பின் நெருங்கியவர்களிடமும் மனம் திறக்கத் தடுமாறுகிறது என்பது அவர் கண்டதன் சாரம். வெளியே பார்த்தால் தைரியசாலி, சாதனையாளர். இது பள்ளி மோசமாக இருந்த கதை மட்டுமில்லை. நல்ல பள்ளியிலும் பிரிவு பிரிவுதான்.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விடுதி நன்மை செய்யலாம். நண்பர்கள் கிடைப்பார்கள், தன் வேலையைத் தானே பார்க்கும் பழக்கம் வரும், அரசுத் தேர்வு நேரத்தில் பள்ளி மாறாமல் படிக்கலாம். நம் நாட்டில் அஸ்ராமா என்ற பள்ளி விடுதியில் தங்கிப் படித்து முன்னேறிய தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். ஏழு எட்டு வயதில் அப்படி இல்லை. அந்த வயதில் பிள்ளைக்குத் தேவை இரவில் பக்கத்தில் படுக்கும் அம்மா. ஆகவே என் கருத்து தெளிவானது: ஆரம்பப் பள்ளி முடியும்வரை படியின் முழுப் பணமும் பெற்றோர் இருக்கும் ஊரில் பிள்ளையைப் படிக்கவைப்பதற்கே போகவேண்டும். அங்கே பள்ளி கிடைக்காத இடமென்றால், சின்னப் பிள்ளைகள் உள்ளவரை அங்கே அனுப்பாமல் இருப்பதே அரசுக்கு மரியாதை. விடுதிப் படி அதற்கு மேற்பட்ட வயதுக்கு, பிள்ளையையும் கேட்டுவிட்டு.

நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவில் கடல் தாண்டிய பணி என்றால் வெளிநாட்டுத் தூதரகம் மட்டும் இல்லை. தீபகற்பத்திலிருந்து சபாவுக்கும் சரவாக்குக்கும் போகும் ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள், படைவீரர்கள், சுங்க, குடிநுழைவு அதிகாரிகள் தென்சீனக் கடலைத் தாண்டுகிறார்கள். அவர்களில் பினாங்குத் தமிழர்களும் உண்டு. வட்டார ஊக்கத்தொகை இருக்கிறது, சொந்த வட்டாரம் போய்வரப் பயணச் சலுகை இருக்கிறது. இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் பணியாளரை மையமாக வைத்து எழுதிய விதிகள் இவை. உள்நாட்டுச் சரவாக்கில் ஓர் ஆற்றோரப் பள்ளிக்கு மாற்றலாகும் ஆசிரியை தன் பிள்ளையைப் பினாங்கில் பாட்டியிடம் விட்டுப் போகிறார் என்றால், அந்த வீட்டில் இரண்டு குடித்தனம் நடக்கிறது. தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளையானால் சிக்கல் இன்னும் பெரிது. தமிழ்ப்பள்ளிகள் எல்லாம் தீபகற்பத்தில்தான். பிள்ளையைக் கூட்டிப்போனால் தமிழ் போகும், விட்டுப்போனால் அம்மா போகும். யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டர் நூறு வருடத்துக்கு முன் நின்ற அதே இடத்தில் நம் ஆசிரியை இன்று நிற்கிறார்.

அரசு ஊழியர் தொழிற்சங்கக் கூட்டமைப்பான கியூபாக்ஸும் ஆசிரியர் சங்கங்களும் சம்பளப் பேச்சில் பிள்ளைகளின் கல்வியைத் தனித் தலைப்பாக மேசையில் வைக்கவேண்டும். கேட்கவேண்டியவை அதிகமில்லை. மாற்றல் உத்தரவு தருமுன் அந்த ஊரில் பிள்ளைக்குப் பள்ளி உண்டா என்று எழுத்தில் சொல்லவேண்டும். பெற்றோரைப் பிரிந்து படிக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்கும் போய்வரப் பயணச்சீட்டு கொடுக்கவேண்டும். விடுதிக்கோ பாட்டி வீட்டுக்கோ ஆகும் செலவுக்கு ஒரு தொகை ஒதுக்கவேண்டும். எந்தத் தரத்து ஊழியராயினும் அது ஒன்றாகவே இருக்கவேண்டும்.

மாற்றல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கும் பெற்றோருக்கு: கையெழுத்திடுமுன் சம்பளத்தைக் கேட்பதுபோல் இதையும் வாய்விட்டுக் கேளுங்கள். பிள்ளைக்கு என்ன படி, எந்த வகுப்பு வரை, ஆண்டுக்கு எத்தனை பயணச்சீட்டு என்று எழுதி வாங்குங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களை அனுப்புவது அரசாங்கம். உங்கள் பிள்ளையின் பொறுப்பிலும் அதற்குப் பங்கு உண்டு.